நீஸ் – மோன்டே கார்லோ: டென்னிஸ், ஊர்ச் சாப்பாடு, ஊர்க்கதை மூணும் ஒரே வாரத்துல – முழு வழிகாட்டி

ஏப்ரல் மாசம் மொனாக்கோங்கற குட்டி நாட்டு ஓரத்துல மோன்டே கார்லோ மாஸ்டர்ஸ் டென்னிஸ் நடக்கும்போது, பக்கத்துல பிரான்ஸ் கடலோர ஊரான நீஸ்ல ஒரு ரூம் போட்டுட்டு, காலைல மார்க்கெட் சாப்பாடு, நடுவுல பழைய ஊர் கதைகள், ரெண்டு மூணு நாள் மேட்ச்னு ஒரு வாரம் இருந்துட்டு வரலாம். நான் ரெண்டு தடவை போயிருக்கேன், அதுக்கப்புறம் நாலஞ்சு நண்பர்களுக்கு பிளான் போட்டுக் கொடுத்திருக்கேன். எல்லாரும் ஒரே இடத்துலதான் தடுக்கி விழறாங்க, எதை முதல்ல பண்ணணும்ங்கற வரிசைல. ஃப்ளைட் ஆஃபர் வந்துச்சுன்னு டிக்கெட் போட்டுட்டு அப்புறமா மேட்ச் தேடினா, நல்ல நாளெல்லாம் போயிருக்கும், மார்க்கெட் மூடியிருக்கிற நாள்ல மார்க்கெட்டுக்குப் போய் நிப்போம். அதனால கீழ இருக்கிற வரிசைலயே பண்ணுங்க.

1. எந்த நாள் மேட்ச்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மத்த எல்லாத்தையும் நகர்த்தலாம், மேட்ச் நாளை நகர்த்த முடியாது. அதான் இது முதல் படி.

சிங்கிள்ஸ் மெயின் டிரால (முக்கியப் போட்டி அட்டவணை) 56 பேர், அதுல முதல் 8 சீடு ஆளுங்களுக்கு (தரவரிசைல முன்னாடி இருக்கிறவங்க) முதல் ரவுண்டு பை, ஆடாமலே ரெண்டாவது ரவுண்டுக்குப் போயிடுவாங்க. அதாவது நீங்க டிவில பாத்துப் பழகின பெரிய ஆளுங்க செவ்வாய், புதன்லதான் களத்துல இறங்குவாங்க. ஞாயிறு, திங்கள்ல பெரிய பேர் கம்மி, ஆனா சின்ன கோர்ட்ல எல்லாம் மேட்ச் ஓடிட்டே இருக்கும், ஆட்டக்காரங்களை பத்தடி தூரத்துல வச்சுப் பாக்கலாம். அந்த சனி, ஞாயிறுல குவாலிஃபையிங்கும் உண்டு (மெயின் டிராவுக்குள்ள வர்றதுக்கான தகுதிச் சுற்று), அது விலையும் கம்மி.

செமி, ஃபைனல்தான் பாக்கணும்னு புதுசா போறவங்க எல்லாரும் சொல்வாங்க. என் கருத்து வேற. அந்த ரெண்டு நாளும் விலை அதிகம், மேட்ச் கம்மி, உங்க சீட் எங்க இருக்கோ அங்கயே உக்காந்திருக்கணும். முதல் தடவை போறவங்க திங்கள் ஒண்ணு, புதன் ஒண்ணு எடுங்க. புதன்கிழமை ரெண்டாவது ரவுண்டு நடக்கும், சீடு ஆளுங்க பல பேர் அன்னிக்கு ஆடுவாங்க, டபுள்ஸும் ஓடும்.

டபுள்ஸை விட்டுடாதீங்க. 2017ல நம்ம ரோஹன் போபண்ணா, உருகுவேக்காரர் பாப்லோ குவேவாஸோட சேந்து இங்கதான் டபுள்ஸ் கோப்பை ஜெயிச்சார். மூணாவது செட்டுக்குப் பதிலா 10 பாயின்ட் டைபிரேக்குங்கறதால மேட்ச் சீக்கிரம் முடியும், சின்ன கோர்ட்ல நெருக்கமா பாக்கலாம்.

டிக்கெட்டை டோர்னமென்டோட சொந்த சைட்ல மட்டும் வாங்குங்க, முந்தின வருஷமே விக்க ஆரம்பிச்சிடுவாங்க. வாங்கும்போதே மழை வந்தா என்ன விதின்னு படிச்சிடுங்க. இங்க கோர்ட்டுக்குக் கூரை கிடையாது, ஏப்ரல்ல ஒரு நாள் மழை வர்றது சாதாரணம்.

2. மேட்ச் நாளைச் சுத்தி வாரத்தை அடுக்குங்க

இதுல ரெண்டு கிழமை ரொம்ப முக்கியம்.

திங்கள்: நீஸ் பழைய ஊர்ல இருக்கிற கூர் சலேயா மார்க்கெட் செவ்வாய்ல இருந்து ஞாயிறு வரைக்கும்தான் காய், பழம், சாப்பாடு. திங்கள் அன்னிக்கு அங்க பழம்பொருள் சந்தை. முதல் தடவை நான் பசியோட திங்கக்கிழமை காலைல போய் நின்னேன், எங்க பாத்தாலும் பழைய வெள்ளி ஸ்பூனும் பீங்கான் தட்டும் போஸ்ட்கார்டும்தான், ஒரு தக்காளி கூட இல்ல. அதனால திங்களை டென்னிஸுக்குக் கொடுத்துடுங்க.

வெள்ளி: எல்லை தாண்டி இத்தாலில வென்டிமிலியாங்கற ஊர்ல வெள்ளிக்கிழமை பெரிய சந்தை கூடும். அன்னிக்கு இங்க குவார்ட்டர் ஃபைனல், டிக்கெட் விலை ஏறியிருக்கும். வெள்ளியை சந்தைக்குக் கொடுங்க.

நான் போட்டுக் கொடுக்கிற அடுக்கு இதுதான்: வெள்ளி வந்து இறங்கறது, சனி நீஸ் பழைய ஊர், ஞாயிறு ஓய்வு இல்லன்னா குவாலிஃபையிங், திங்கள் மேட்ச், செவ்வாய் சாப்பாடு, புதன் மேட்ச், வியாழன் மொனாக்கோ பாறைக்கோட்டை (அரண்மனை இருக்கிற இடம்), அடுத்த வெள்ளி இத்தாலி சந்தையும், எல்லைக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ்ல இருக்கிற மாந்தோன் ஊரும், சனி கிளம்பறது. வந்த மறுநாளே மேட்ச் வைக்காதீங்க, அங்க ஏப்ரல்ல நம்ம நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி, சாயங்காலம் 6 மணிக்கே கண்ணு சொருகும், மூணாவது செட் நடக்கும்போது நீங்க தூங்கிட்டு இருப்பீங்க.

ஈஸ்டர் எப்பன்னும் பாத்துக்கோங்க. ஈஸ்டர் திங்கள் பிரான்ஸ்ல விடுமுறை, அந்த வாரக்கடைசி ரூம் விலையும் கூடும்.

3. ரூம் நீஸ்ல போடுங்க

டோர்னமென்ட் நடக்கிற மோன்டே கார்லோ கன்ட்ரி கிளப் பேர்லதான் மோன்டே கார்லோ இருக்கு, இடம் மொனாக்கோ எல்லையை ஒட்டி பிரான்ஸ் பக்கம் ரோக்ப்ரூன் காப் மார்த்தான்ங்கற ஊர்ல. பக்கத்துலயே தங்கலாம்னு பாத்தா விலை கட்டுப்படியாகாது. நீஸ்ல இருந்து மொனாக்கோ லோக்கல் ட்ரெயின்ல 25 நிமிஷத்துக்குள்ள போயிடலாம், கடலை ஒட்டியே போற பாதை.

நீஸ்லயும் எங்கன்னு யோசிக்கணும். பழைய ஊருக்குள்ள ரூம் அழகா இருக்கும், ஆனா குறுகலான சந்து, லிஃப்ட் இல்லாத நாலு மாடி, ராத்திரி சத்தம். நீஸ் வில் ஸ்டேஷனுக்கும் பழைய ஊருக்கும் நடுவுல, டிராம் பாதை ஓரமா எடுத்தா ரெண்டு பக்கமும் நடக்கிற தூரம். அடுப்பு இருக்கிற ரூம்னா இன்னும் நல்லது, மார்க்கெட்ல வாங்கற காயை என்ன பண்றதுன்னு தவிக்க வேண்டாம்.

கேன்சல் பண்ணா பணம் திரும்பற ரூமாப் போடுங்க, விசா வர்ற வரைக்கும் இது அவசியம்.

4. விசா

வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பால பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா. மொனாக்கோ தனி நாடுதான், ஆனா பிரான்ஸோட எல்லை திறந்தே இருக்கு, பிரான்ஸ் விசாவே போதும். ராத்திரி தங்கறது எல்லாம் நீஸ்லங்கறதால பிரான்ஸுக்குத்தான் அப்ளை பண்ணணும், இத்தாலிக்கு ஒரு நாள் போறதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம்.

பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசிக் கெடு 15 நாள், ஆனா அந்தக் கெடுவை நம்பாதீங்க. கோடை லீவு கூட்டம் சேர்றதால அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே கஷ்டமாயிடும். ஜனவரிலயே முடிச்சிடுங்க. பெரியவங்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, சர்வீஸ் சார்ஜ் தனி. டிராவல் இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பாஸ்போர்ட் ஷெங்கனை விட்டு வெளிய வர்ற தேதிக்கு அப்புறம் 3 மாசமாவது செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும், 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்.

பயணத் திட்டம்னு ஒரு பேப்பர் கேப்பாங்க. அதுல மேட்ச் டிக்கெட்டையும் சேத்து வைங்க. எந்த நாள் எங்க இருப்பீங்கன்னு ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும், ரூம் 8 ராத்திரி, இன்ஷூரன்ஸ் 7 நாள்னு இருந்தா தேவையில்லாம கேள்வி வரும். என் நண்பர் ஒருத்தருக்கு இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகவே பேப்பரைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வரச் சொல்லிட்டாங்க.

ஃப்ளைட்டுக்குப் பணம் கட்டறது விசா கைல வந்த அப்புறம். அதுவரைக்கும் ரிசர்வேஷன் மட்டும் வச்சுக்கோங்க.

5. போறதுக்கு முன்னாடி நாக்குல ஏத்திக்க வேண்டிய நாலு வார்த்தை

கடைக்குள்ள போனதும் முதல் வார்த்தை போன்ஜூர். இதைச் சொல்லாம நேரா எனக்கு அது குடு இது குடுன்னு ஆரம்பிச்சா அங்க அது மரியாதைக் குறைவு, முகமே மாறிடும். போன்ஜூர் சொல்லி ஒரு நொடி நிறுத்துங்க, அவங்க திருப்பிச் சொல்வாங்க, அப்புறம் இங்கிலீஷ்ல கேட்டாக்கூட சிரிச்சிட்டே உதவி பண்ணுவாங்க.

சைவம் சாப்பிடறவங்க "பா த வியாண்ட், பா த ப்வாசோன், பா தாங்ஷ்வா" மூணையும் சேத்துச் சொல்லணும். கறி வேண்டாம், மீன் வேண்டாம், நெத்திலி வேண்டாம்னு அர்த்தம். நெத்திலியை ஏன் தனியா சொல்லணும்னா, இந்த ஊர்ல அதை உப்பு மாதிரி சேப்பாங்க, அதை மீன் கணக்குலயே எடுக்க மாட்டாங்க. தண்ணிக்கு "கராஃப் தோ"ன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி ஜாடில காசில்லாம வரும். வெறும் வாட்டர்னு கேட்டா பாட்டில் வந்து பில்லுல ஏறும்.

6. சனிக்கிழமை: பழைய ஊர்ல நடக்க வேண்டிய வரிசை

இங்க சாப்பாடும் கதையும் ஒரே தெருவுல கிடக்கு. நேரம் மட்டும் தப்பக் கூடாது, மார்க்கெட் மதியம் ஒன்றரைக்கு மேல மூட்டை கட்டிடும், மதியச் சாப்பாடு 12ல இருந்து 2 வரைக்கும்தான், அப்புறம் ராத்திரி 7 வரைக்கும் அடுப்பே எரியாது.

காலை 9 மணிக்குக் கூர் சலேயா. ஒரு சுத்து சுத்திட்டு பத்தரை வாக்குல சோக்கா சாப்பிடுங்க. சோக்காங்கறது கொண்டைக்கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். ஆள் கை அகலத்துக்குப் பெரிய செம்புத் தட்டுல மாவை ஊத்தி விறகு அடுப்புல தள்ளுவாங்க, மேல அங்கங்க கருகி கொப்புளம் கொப்புளமா வரும், அதைச் சுரண்டி பேப்பர்ல போட்டு மிளகுத்தூள் தூவிக் குடுப்பாங்க. ஓரம் நம்ம அடை மாதிரி மொறுமொறுன்னு, நடுவுல கூழ் மாதிரி மெத்துனு இருக்கும். ஒரு பங்கு 3, 4 யூரோ. கைல வாங்கினதும் சாப்பிடுங்க, போட்டோ எடுத்துட்டு சாப்பிடலாம்னு வச்சா பத்து நிமிஷத்துல ரப்பர் ஆயிடும். புதுத் தட்டு வர்ற வரைக்கும் வரிசைல காத்திருக்கறதுதான் சரி, முந்தின தட்டுல மிச்சம் இருக்கிறதை வாங்காதீங்க.

அங்கிருந்து ரெண்டு சந்து உள்ள போனா சேந்த் ரெபராத் கதீட்ரல். இந்த ஊர்க் கடலுக்கு ஏஞ்சல்ஸ் வளைகுடான்னு பேர். பாலஸ்தீனத்துல கொல்லப்பட்ட ரெபராத்ங்கற இளம்பொண்ணோட உடம்பை ஒரு படகுல விட, தேவதைங்க அந்தப் படகை இந்தக் கரைக்கு ஓட்டிட்டு வந்தாங்கன்னு கதை, அதான் அந்தப் பேர். இதை மனசுல வச்சுக்கோங்க, மொனாக்கோ போகும்போது வேணும்.

அடுத்தது ரூ த்ருவாத் தெரு, லோஜ் தெரு சேர்ற முனைல தலையை நிமிந்து பாருங்க, சுவத்துல ஒரு இரும்புக் குண்டு பதிச்சிருக்கும். 1543ல துருக்கிக் கப்பல் படையும் பிரெஞ்சு ராஜாவோட படையும் சேந்து நீஸை முற்றுகை போட்ட கதையைச் சொல்றது அது. பாதி பேர் கீழ கடையைப் பாத்துட்டே தாண்டிப் போயிடறாங்க.

அதே முற்றுகைலதான் கத்ரீன் செகுரான் கதை. துணி துவைக்கிற பொம்பளை, கோட்டை மேல ஏறி வந்த துருக்கிக் கொடிக்காரனைத் துணி அடிக்கிற கட்டையாலயே போட்டு, கொடியைப் பிடுங்கிட்டாளாம். அப்படி ஒருத்தி நிஜமா இருந்ததுக்கு ஆதாரம் கிடையாது, ஆனா ஊர் அவளை விடல, சேந்த் ஒகுஸ்தான் சர்ச் பக்கத்துல சுவத்துல சிலை செதுக்கி வச்சிருக்காங்க. நம்ம ஊர் எல்லைச்சாமி கதைகளைக் கேட்டு வளந்தவங்களுக்கு அந்தச் சுவத்து முன்னாடி நின்னா ஒண்ணும் அந்நியமா இருக்காது.

சர்ச்ல இருந்து படி ஏறிக் கோட்டை மலைக்குப் போங்க, கோட்டை இப்ப இல்ல, 1706ல பதினாலாம் லூயி இடிக்கச் சொல்லிட்டார். 12 மணிக்கு மலை உச்சில இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க, சரியா 12க்கு வெடி போடுவாங்க. 1860கள்ல இங்க தங்கின தாமஸ் கவென்ட்ரிங்கறவர், மனைவி ஊர் சுத்திட்டு மதியச் சாப்பாட்டுக்கு லேட்டா வர்றாங்கன்னு பீரங்கி வெடிக்க ஏற்பாடு பண்ணாராம், அது ஊர்ப் பழக்கமாவே நின்னுடுச்சு. குழந்தைங்க கூட இருந்தா முன்னாடியே சொல்லி வைங்க, சத்தம் பயங்கரமா இருக்கும்.

வெடி கேட்டதும் இறங்கினா பன்னிரண்டரைக்கு சாப்பாட்டு டேபிள்ல இருக்கலாம்.

7. என்ன சாப்பிடறது, எதுல ஏமாறுவோம்

பிஸ்ஸலாதியேர்: மெதுவா வதக்கின வெங்காயம் போட்ட ரொட்டி. பாக்க சைவம் மாதிரியே இருக்கும், ஆனா அந்தப் பேரே நெத்திலி ஊறல்ல இருந்து வந்ததுதான். கூட வந்த சைவ நண்பர் பாதி சாப்பிட்ட அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது, அன்னிக்கு முழுக்க அவர் முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

பான் பான்யா: உருண்டை பன்ல டூனா, நெத்திலி, முட்டை, தக்காளி, ஆலிவ். அசைவக்காரங்களுக்கு ட்ரெயின்ல எடுத்துட்டுப் போக இதை விட நல்ல பொட்டலம் கிடையாது.

தூர்த் த ப்ளெத்: கீரையை சர்க்கரை, உலர் திராட்சை, பைன் கொட்டையோட வச்ச இனிப்புப் பை. கீரைல இனிப்பான்னு யோசிக்காம ஒரு துண்டு வாங்குங்க. முட்டை இருக்கும்.

பெத்தி ஃபார்சி: கத்திரிக்காய், தக்காளி, வெங்காயம் குடைஞ்சு உள்ள வைக்கிறது கறி. வெளில காய் தெரியுதேன்னு சைவக்காரங்க எடுத்துடாதீங்க.

8. மேட்ச் நாள்

முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, ஆர்டர் ஆஃப் ப்ளே, எந்த கோர்ட்ல யார் எத்தனாவது மேட்ச்னு அதுல இருக்கும். ரெண்டு, ட்ரெயின் ஓடுதான்னு. பிரான்ஸ்ல ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், வந்தா கடலோர பஸ்ஸுக்கு சீக்கிரமே கிளம்பணும், பஸ்ல நேரம் டபுளுக்கு மேல ஆகும்.

11 மணிக்கு ஆட்டம் ஆரம்பம்னா 8 மணிக்கே நீஸ்ல ட்ரெயின் ஏறுங்க. மொனாக்கோ ஸ்டேஷன் மலையைக் குடைஞ்சு கட்டினது, வெளிய வர நிறைய வழி இருக்கு, தப்பான வழில வந்தா அஞ்சு மாடி மேலயோ கீழயோ போயிடுவீங்க. சேந்த் தெவோத் போர்டு பாத்து வெளிய வாங்க. அதே பேர்ல சின்ன சர்ச் கண்ணு முன்னாடி நிக்கும். இங்கதான் நீஸ்ல சொன்ன கதையோட ஜோடி இருக்கு: கோர்சிகாவுல கொல்லப்பட்ட தெவோதா உடம்பு படகுல வர, ஒரு புறா வழி காட்டி இந்தப் பள்ளத்தாக்குல கரை சேத்துச்சாம். வருஷா வருஷம் ஜனவரி 26 ராத்திரி இந்த சர்ச் முன்னாடி ஒரு படகை எரிப்பாங்க. இருபது கிலோமீட்டர் தள்ளி ரெண்டு ஊரு, ரெண்டுக்கும் படகுல வந்த ஒரு பொண்ணுதான் காவல்.

அங்கிருந்து கிளப் கிழக்கால, நடந்தா அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஏத்தம் இறக்கம் உண்டு. வெயில்ல நடக்க முடியாதவங்க லோக்கல் பஸ் புடிங்க.

உள்ள போனதும் சென்டர் கோர்ட்டுக்கு ஓடாதீங்க, முதல்ல பிராக்டிஸ் கோர்ட். மெயின் மேட்ச் ஆரம்பிச்சதும் கூட்டம் அங்க திரும்பிடும், அதுக்கு முந்தின ஒரு மணி நேரம் பெரிய ஆளுங்களை கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல சென்னை ஓபன் பாத்தவங்களுக்கு அந்த நெருக்கம் ஞாபகம் வரும், ஆனா தரை வேற. அங்க ஹார்ட் கோர்ட், இங்க செங்கல் தூள். பந்தை அடிக்க ஓடி வந்து ஆள் ரெண்டு மூணு அடி சறுக்கும்போது சரக்னு ஒரு சத்தம் வரும், டிவில அது சரியாவே கேக்காது. செட் முடிஞ்சதும் ஆளுங்க வந்து வலைப்பாயை இழுத்துத் தரையைச் சமமாக்கி, கோடுகளைத் துடைப்பத்தால ஒவ்வொண்ணா பெருக்குவாங்க, அந்த நேரத்துல எழுந்து போயிடாதீங்க.

கோர்ட்டுக்குள்ள நுழையறதும் வெளிய வர்றதும் ஆட்டக்காரங்க பக்கம் மாறும்போது மட்டும்தான். பாயின்ட் நடுவுல எழுந்தா பின்னாடி இருக்கிறவங்க சத்தம் போடுவாங்க, அம்பயரும் ஆட்டத்தை நிறுத்திடுவார். பாத்ரூம் போகணும்னா செட் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க, இல்லன்னா எல்லாரும் ஒரே நேரத்துல வருவாங்க.

பால் மார்க்கை அம்பயர் இறங்கி வந்து பாப்பார்னு காத்திருக்காதீங்க, 2025ல இருந்து ஏ.டி.பி. (ஆண்கள் டென்னிஸ் அமைப்பு) போட்டிகள்ல கோடு பாக்கறதெல்லாம் கேமராதான்.

தொப்பி, சன்ஸ்கிரீன், ஒரு ஜாக்கெட் மூணும் வேணும். மதியம் வெயில் சுடும், நாலரைக்கு மேல கடல் காத்து குளுரும். வெள்ளை ஷூ வேண்டாம், செம்மண் தூசி அவ்வளவு லேசுல போகாது.

9. மொனாக்கோ பாறைக்கோட்டையும் வெள்ளிக்கிழமை சந்தையும்

வியாழன் காலைல ப்ளாஸ் தார்ம் சதுக்கத்துல கோந்தமீன் மார்க்கெட், 1880ல இருந்து இருக்கு. அங்க பார்பஜுவான் வாங்குங்க, கீரையும் ரிக்கோட்டா சீஸும் வச்சுப் பொரிச்ச சோமாஸ் மாதிரி ஒண்ணு. பேருக்கு ஜான் மாமான்னு அர்த்தம், குழம்பு இல்லாததால ராவியோலியை (உள்ள பூரணம் வச்ச பாஸ்தா) எண்ணெய்ல போட்ட மாமான்னு கதை சொல்றாங்க. சாப்பிட்டுட்டே மேல அரண்மனைக்கு ஏறுங்க, 11.55க்குக் காவல் மாத்துவாங்க. வாசல் பக்கம் சந்நியாசி அங்கி போட்ட ஒரு சிலை இருக்கும், 1297ல சாமியார் வேஷத்துல வந்து கோட்டையைப் பிடிச்ச ஃபிரான்ஸ்வா கிரிமால்டி. அந்த வம்சத்துச் சின்னத்துலயே ரெண்டு சாமியார்கள் கத்தியோட நிக்கறாங்க. புதன்கிழமை மழைல மேட்ச் தள்ளிப்போச்சுன்னா இந்த நாள்தான் கைகொடுக்கும், அதனால வியாழனுக்கு முன்கூட்டியே எதுக்கும் பணம் கட்டாதீங்க.

வெள்ளி வென்டிமிலியாவுக்கு சீக்கிரம் ட்ரெயின் ஏறுங்க, 9 மணிக்கு மேல நிக்க இடமிருக்காது. ஒரிஜினல் பாஸ்போர்ட் கண்டிப்பா கைல இருக்கணும். திரும்பி வரும்போது பிரான்ஸ் எல்லைல மாந்தோன் காரவான் ஸ்டேஷன்ல போலீஸ் ட்ரெயினுக்குள்ள ஏறிப் பாப்பாங்க, போன்ல இருக்கிற போட்டோ செல்லாது.

திரும்பற வழில மாந்தோன்ல இறங்குங்க. இந்த ஊர் எலுமிச்சைக்கும் ஒரு கதை உண்டு: சொர்க்கத்துல இருந்து துரத்தும்போது ஏவாள் ஒரு எலுமிச்சையை ஒளிச்சு எடுத்துட்டு வந்து, இந்த காரவான் வளைகுடாவைப் பாத்ததும் சொர்க்கம் மாதிரியே இருக்குன்னு இங்க நட்டு வச்சாளாம். பழம் நம்ம எலுமிச்சை மாதிரி சுருக்குனு புளிக்காது, தோல்ல வாசனை தூக்கும். எலுமிச்சை ஜாம் வாங்கினா செக்-இன் பெட்டில துணிக்கு நடுவுல வைங்க, ஏர்போர்ட்ல ஜாமும் தண்ணி கணக்குதான், 100 மில்லிக்கு மேல கைப்பைல இருந்தா எடுத்து வச்சிடுவாங்க.